புள்ளியா, நாய்ஸா? லால்குடி வயலில் ஒரு பறவைப் படப் பாடம்

போன பொங்கல் லீவுல நான் எடுத்த ஒரு போட்டோவை, பறவைகளை நல்லா அடையாளம் சொல்லும் ஓர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, முதுகுல தெரியறது புள்ளியா, நாய்ஸா?”

எனக்கும் தெரியல. அதுதான் பிரச்சினை.

நடந்தது இது. ஒவ்வொரு வருஷமும் பொங்கலை ஒட்டி தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். உங்க ஊர்லயே ஓர் இடத்துல குறைஞ்சது 15 நிமிஷம் நின்னு, பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்டில் பதிவு செய்யணும். அவ்வளவுதான். நான் லால்குடிக்காரன். காலேஜ் போட்டோகிராபி கிளப்புல இருந்து ஒரு பழைய கேமராவும் 70-300 லென்ஸும் வாங்கிட்டு வந்திருந்தேன். காலையில 6:50 மணி. வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு தாழ்வயல். நடாம விட்டது, மழைத்தண்ணி இன்னும் வடியல. அந்தச் சேத்துல, ஒரு 40 மீட்டர் தள்ளி, உள்ளான் ஒண்ணு வாலை ஆட்டி ஆட்டி இரை பொறுக்கிட்டு இருந்துச்சு.

உள்ளான் வகையில நம்ம வயல்களுக்குக் குளிர்காலத்தில் வர்ற இரண்டு பறவைகள் ரொம்பக் குழப்பும்: வுட் சாண்ட்பைப்பர், கிரீன் சாண்ட்பைப்பர். இரண்டும் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் அளவு. இரண்டுமே யூரேசியாவின் வடக்குப் பகுதிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருபவை. வுட் சாண்ட்பைப்பருக்கு முதுகு முழுக்க வெளிர் புள்ளிகள் தெளிவா இருக்கும். கண்ணுக்கு மேல இருக்கற வெள்ளைப் புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால போகும். கிரீனுக்கு முதுகு கருத்திருக்கும், புள்ளி பொடிசு. புருவக்கோடு கண்ணோட நின்னுடும். ஆக, அடையாளமே புள்ளியிலயும் ஒரு மெல்லிய கோட்டுலயும்தான் இருக்கு. என் படத்துல இரண்டுமே மணலுக்குள்ள புதைஞ்ச மாதிரி கிடந்துச்சு. கடைசியில் பட்டியலில் இனத்தின் பெயர் போடாம, வெறும் ‘சாண்ட்பைப்பர்’னு பதிஞ்சேன்.

கேமரா செட்டிங் என்னன்னு பார்த்தா: எஃப் 5.6, ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ 400. கிளப்புல சேர்ந்த முதல் நாளே ஒரு சீனியர் சொல்லியிருந்தார், “800 தாண்டினா படம் செத்துச்சு.” நான் அதை வேதவாக்கா எடுத்துட்டேன். மார்கழி முடிஞ்சாலும் அன்னைக்குப் பனி விலகல. 1/1000, ஐஎஸ்ஓ 400-க்குத் தேவையான வெளிச்சத்துல எட்டுல ஒரு பங்குதான் இருந்துச்சு. படம் இருட்டா வந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் மூணு ஸ்டாப் ஏத்தினேன். பறவையோட சேர்ந்து நாய்ஸும் ஏறிச்சு.

இந்தத் தப்பை நம்ம கிளப்புல பாதிப்பேர் இன்னும் பண்றாங்க. அதனாலதான் இதை எழுதறேன்.

ஐஎஸ்ஓ மேல பழி போடாதீங்க

ஒரு சின்ன சோதனை. தூறல் போடும்போது மொட்டை மாடியில் ஒரே மாதிரி நூறு டம்ளர் வைங்க. ஒரு நிமிஷம் கழிச்சு ஒவ்வொண்ணுலயும் எத்தனை துளி விழுந்திருக்குன்னு எண்ணினா, சராசரி 9 என்றால் ஒண்ணுல 6 இருக்கும், ஒண்ணுல 12 இருக்கும். பக்கத்துப் பக்கத்து டம்ளர்தான், மழையும் ஒண்ணுதான், ஆனா எண்ணிக்கை வேற. அதே இடத்துல அடைமழை பெஞ்சு சராசரி 900 துளி விழுந்தா, வித்தியாசம் 30 அளவுக்குத்தான் இருக்கும். 9-க்கு 3 என்பது மூணுல ஒரு பங்கு. 900-க்கு 30 என்பது 3 சதவீதம்.

ப்ராபபிலிட்டி பேப்பரில் பாய்சான் பரவல் படிச்சவங்களுக்கு இது புதுசில்ல. சராசரி எண்ணிக்கை என் என்றால் அதன் திட்டவிலக்கம் என்-னோட வர்க்கமூலம். கேமரா சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு டம்ளர், ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு துளி. வெளிச்சம் கம்மியா இருந்தா பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வேற வேற எண்ணிக்கையைக் காட்டும். சமமான சாம்பல் நிறத்துல இருக்கவேண்டிய இறகு, மணல் கொட்டின மாதிரி தெரியும். படத்துல நாம பார்க்கிற நாய்ஸில் பெரும்பங்கு இதுதான். இது கேமராவின் குறையே இல்ல. வெளிச்சம் இயல்பாவே இப்படித்தான் வரும். எவ்வளவு காசு கொடுத்து கேமரா வாங்கினாலும் தூறலை அடைமழையாக்க முடியாது.

ஐஎஸ்ஓ எங்கே வருது? ஃபோட்டான்களை எண்ணி முடிச்ச பிறகு. அது சிக்னலைப் பெருக்கிக் காட்டும் ஒரு ஆம்ப்ளிஃபயர் மாதிரி. ஐஎஸ்ஓ 3200 வச்சா நாய்ஸ் அதிகமா தெரியறதுக்குக் காரணம், 3200 வைக்கவேண்டிய அளவுக்கு வெளிச்சம் கம்மியா இருந்தது என்பதுதான். ஜுரம் வந்தவனுக்குத் தெர்மாமீட்டர் 102 காட்டினா, தெர்மாமீட்டரை உடைச்சு என்ன பிரயோஜனம்?

இன்னொரு விஷயம், ஈசிஇ மக்களுக்குப் பிடிக்கும். சென்சாரிலிருந்து சிக்னலைப் படிச்சு எண்ணாக மாத்தும்போது எலெக்ட்ரானிக்ஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்கும். இது ரீடு நாய்ஸ். பல கேமராக்களில், முக்கியமா பழைய மாடல்களில், ஐஎஸ்ஓவை ஏத்தினா சிக்னல் முன்னாடியே பெருகிடும்; பிறகு சேர்ற நாய்ஸ் அதோட ஒப்பிட்டால் சின்னதாயிடும். ஐஎஸ்ஓ 400-ல் இருட்டா எடுத்துட்டு, வீட்டுல போய் மூணு ஸ்டாப் ஏத்தினா, அந்த ரீடு நாய்ஸும் எட்டு மடங்கு ஏறும். அதாவது நான் செஞ்சது, ஐஎஸ்ஓ 3200-ல் நேரா எடுக்கிறதைவிட மோசம். புதுசா வர்ற பல சென்சார்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் வரும். ஆனா ஜேபெக்கில் எடுத்தா எந்தக் கேமராவா இருந்தாலும் இருட்டுப் பகுதி போச்சு. அதுல 8 பிட் மட்டும்தான், மேல அமுக்கம் வேற.

ஃபிலிம் காலத்துல இந்த வசதி இல்ல. ரோலைப் போடும்போதே அதன் வேகம் முடிவாயிடும். 36 படம் முடியும்வரை அதுதான். மா. கிருஷ்ணன் (1912-1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். அவர் படங்கள் பெரும்பாலும் கருப்பு-வெள்ளை. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே கட்டின கனமான கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு செல்லப்பேரு வச்சிருந்தார். அவர் படங்களில் கிரெயின் இருக்கும். யாரும் அதைப் பார்த்து முகம் சுளிச்சதில்ல. யானையோட கண் தெரியுதா என்பதுதான் கேள்வி.

லென்ஸின் வாய்

சரி, வெளிச்சம்தான் எல்லாம்னா, பறவையிலிருந்து நமக்கு எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு எதை வச்சுக் கணக்குப் போடறது? எஃப் நம்பரை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். லென்ஸோட வாய் எவ்வளவு அகலம்னு பார்க்கணும். ஃபோகல் லெங்த்தை எஃப் நம்பரால வகுத்தா வாயோட விட்டம் கிடைக்கும்.

நம்ம கிளப்பின் 70-300 லென்ஸ்: 300-ஐ 5.6-ஆல வகுத்தா சுமார் 54 மி.மீ. பலபேர்கிட்ட இருக்கற 55-250: சுமார் 45 மி.மீ. எல்லாரும் ஏங்கற 150-600, எஃப் 6.3: சுமார் 95 மி.மீ. இப்ப ஒரு வேடிக்கை. நிக்கான் பி900 என்கிற சூப்பர் ஜூம் கேமரா, 2000 மி.மீ. சமானம்னு விளம்பரம். அதன் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு. உண்மையான ஃபோகல் லெங்த் 357 மி.மீ., எஃப் 6.5. வகுத்துப் பாருங்க: 55 மி.மீ. நம்ம 70-300-ம் அதுவும் ஒரே வாய்! ஒரே இடத்துல நின்னு, ஒரே ஷட்டர் ஸ்பீடில் எடுத்தா, பறவையிலிருந்து இரண்டுக்குள்ளேயும் போற ஃபோட்டான் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். ஒண்ணுல பறவை பெரிசா, மங்கலா தெரியும். இன்னொண்ணுல சின்னதா, பளிச்னு தெரியும். வெட்டிப் பெரிசாக்கினா வித்தியாசம் பெரும்பாலும் காணாமப் போயிடும். டெலிகன்வெர்ட்டர் போட்டாலும் இதே கதைதான்: ஜூம் கூடும், வாய் கூடாது.

600 லென்ஸின் வாய் 54-ஐவிட 1.76 மடங்கு அகலம். பரப்பளவு சுமார் 3.1 மடங்கு. அந்த 3.1 மடங்கு வெளிச்சத்துக்குத்தான் அவ்வளவு காசு. இப்ப கணக்கோட அடுத்த பாதி: தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமா வெளிச்சம் குறையும். 40 மீட்டர் தூரத்தை 20 ஆக்கினா பறவையிலிருந்து வர்ற வெளிச்சம் 4 மடங்கு. அதாவது 20 மீட்டர் கிட்ட போனா, லட்ச ரூபாய் லென்ஸைவிட அதிகம் கிடைக்குது. காசு செலவில்ல; பொறுமைதான் செலவு.

பைனாகுலர் இருக்கறவங்களுக்கு ஓர் இடைச்செருகல். போனின் டெலி லென்ஸுக்கு வாய் சில மில்லிமீட்டர்தான். 8x42 பைனாகுலரின் கண்பக்கம் போனை ஒட்டி வச்சுப் பிடிச்சா, அதைவிடப் பல மடங்கு வாய் கிடைக்கும். கை நடுங்கும், ஓரம் கருக்கும். ஆனா அடையாளத்துக்கு உதவும்.

கிட்ட போறது எப்படி

லால்குடியைச் சுற்றி இருக்கறவங்க கொடுத்து வச்சவங்க. தெற்கே கொள்ளிடம், நடுவுல பெருவளை வாய்க்கால், அய்யன் வாய்க்கால், அப்புறம் புள்ளம்பாடி வாய்க்கால், எல்லாப் பக்கமும் நெல்லும் வாழையும். சேத்துழவு நடக்கற நாள்ல டிராக்டர் பின்னாடி பாருங்க: உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, மடையான், சிலசமயம் நத்தைகுத்தி நாரை. டிராக்டருக்கு அதுங்க பயப்படறதே இல்ல. ஆனா வரப்புல மனுஷன் இரண்டு காலில் நடந்து வந்தா 60 மீட்டர்லயே பறந்துடும். அப்ப என்ன செய்யணும்? நடக்கக் கூடாது.

அந்தக் கேள்வி வந்த மறுநாள் நான் அதே வயலுக்குப் போனேன். வயல்காரர்கிட்ட முதல்ல கேட்டேன். “நாத்தங்கால்ல மட்டும் கால் வச்சுடாத தம்பி, மத்தபடி உக்காந்துக்க”ன்னார். (இதைக் கேட்காம வரப்பில் ஏறுற பழக்கம் நம்ம கிளப்புல சிலருக்கு இருக்கு. தப்பு.) மோட்டார் கொட்டகை நிழல்ல, சுவரோட சாஞ்சு, 6:30-க்கே உட்கார்ந்தேன். முதல் இருபது நிமிஷம் ஒரு பறவையும் இல்ல. ஓர் ஆள்காட்டி மட்டும் ஊரைக் கூட்டிட்டு இருந்துச்சு. அது அடங்கின பிறகுதான் மத்ததெல்லாம் இறங்கிச்சு. அந்த உள்ளான் சேத்தோரமா இரை பொறுக்கிக்கிட்டே, தானா என் பக்கம் நடந்து வந்தது. 20 மீட்டர். நான் போகல, அது வந்துச்சு.

பைக்கைக் கரையில் நிறுத்திட்டு அதுக்குப் பின்னால உட்கார்ந்தாலும் வேலை ஆகும். வெளிச்சம் உங்க முதுகுப் பக்கம் இருக்கணும். காலையில கிழக்குக் கரையில் உட்காரணும், சாயங்காலம் மேற்கில். இது எல்லாரும் சொல்றதுதான். எல்லாரும் மறக்கறதும் இதுதான்.

ஒண்ணை மட்டும் கண்டிப்பா சொல்றேன்: கூட்டுக்குக் கிட்ட போகாதீங்க. தூக்கணாங்குருவிக் கூடு, தரையில முட்டையிடற ஆள்காட்டி, எதுவா இருந்தாலும். ஆள்காட்டி உங்க தலைமேல கத்திக்கிட்டே சுத்துதுன்னா, நீங்க முட்டைக்குப் பக்கத்துல நிக்கிறீங்கன்னு அர்த்தம். வந்த வழியே திரும்பிடுங்க. வெயிலில் முட்டையை விட்டு அது விலகி நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கூட்டைக் கலைப்பதைக் குற்றம்னுதான் சொல்லுது. போன்ல பறவைக்குரலைப் போட்டு வரவழைக்கிறதும் வேண்டாம்; எதிரி வந்துட்டான்னு நினைச்சு அது தின்றதை விட்டுட்டு ஓடி வரும்.

உட்கார்ந்திருக்கற பறவைக்கு 1/2000 எதுக்கு?

இதுதான் வெளிச்சத்தைக் கூட்டறதுக்கு இரண்டாவது வழி. பறக்கும் கொக்குக்கு 1/1600, 1/2000 வேணும். தண்ணியில பாயற மீன்கொத்திக்கு அதுக்கும் மேல. ஆனா கரண்டு கம்பியில உட்கார்ந்திருக்கற வெண்மார்பு மீன்கொத்திக்கும் அதே 1/2000 வச்சு எடுக்கறாங்க. 1/250 போதும். இது மூணு ஸ்டாப் வித்தியாசம், அதாவது எட்டு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 3200 கேட்ட இடத்துல 400 கேட்கும்.

கை நடுக்கம்? பழைய விதி: ஷட்டர் ஸ்பீடு ஃபோகல் லெங்த்துக்குக் குறையக் கூடாது. 300 மி.மீ. லென்ஸை நம்ம மாதிரி ஏபிஎஸ்-சி சென்சாரில் போட்டா 1.5 அல்லது 1.6-ஆல பெருக்கி, 1/500-ன்னு வச்சுக்கங்க. லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தா 1/125 வரைக்கும் இறங்கலாம். இல்லன்னா முட்டியில முழங்கையை ஊன்றி, சுவத்துல சாய்ஞ்சு, மூச்சைப் பாதி விட்டு, தொடர்ச்சியா பத்து ஷாட் அடிங்க. முதல் ஷாட்டில் விரல் அழுத்தற அதிர்வு இருக்கும். நடுவுல ஒண்ணு கூர்மையா வரும். நான் அந்த உள்ளானை 1/250-ல் 60 படம் எடுத்தேன். அது வாலை ஆட்டிக்கிட்டே இருந்ததால 50-க்கு மேல குப்பை. தேறினது 9. ஒண்ணு இருந்தாலே போதுமே.

மேனுவல் மோடில் அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஷட்டரை நீங்களே வச்சு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 6400 கொடுங்க. இதுதான் நான் இப்ப வச்சிருக்கறது. சில தொடக்கநிலை கேமராக்களில் இப்படி வச்சா எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் வேலை செய்யாது. அப்ப ஷட்டர் ப்ரையாரிட்டிக்குப் போயிடுங்க.

காம்பன்சேஷன் ஏன் முக்கியம்னா, நம்ம ஊர்ல பாதிப் பறவை வெள்ளை, பாதிப் பறவை கருப்பு. கேமரா மீட்டர் எல்லாத்தையும் நடுத்தர சாம்பலாக்கப் பார்க்கும். பச்சை வயல் நடுவுல சின்னதா நிக்கற கொக்குன்னா, மீட்டர் வயலைப் பார்த்துக் கணக்குப் போடும். கொக்கு வெளுத்து, இறகே இல்லாத வெள்ளைக் காகிதம் மாதிரி ஆயிடும். மைனஸ் 1 வைங்க. வானத்துப் பின்னணியில் கம்பியில உட்கார்ந்த கரிச்சானுக்கு நேர் எதிர்: ப்ளஸ் 1, சிலசமயம் ப்ளஸ் 2. இல்லன்னா அது வெறும் நிழலுருவம். பொதுவிதி வேணும்னா: வெள்ளை வெளுத்துப் போகாத அளவுக்கு, எவ்வளவு வெளிச்சமா எடுக்க முடியுமோ அவ்வளவு வெளிச்சமா எடுங்க. வீட்டுல இறக்கறது சுலபம், ஏத்தறதுதான் கஷ்டம்.

என் மறுநாள் கணக்கு இப்படி: அதே பனி, அதே நேரம், அதே லென்ஸ். ஷட்டர் 1/1000-லிருந்து 1/250 ஆனதால் வெளிச்சம் 4 மடங்கு. தூரம் 40-லிருந்து 20 ஆனதால் இன்னொரு 4 மடங்கு. மொத்தம் 16. வர்க்கமூலம் 4. பறவையளவுல பார்த்தா சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் 4 மடங்கு நல்லாயிடுச்சு. ஐஎஸ்ஓ எவ்வளவு தெரியுமா? 800. முதல் நாளைவிட இரண்டு மடங்கு ஐஎஸ்ஓ, ஆனா நாய்ஸ் கம்மி. சீனியருக்கு இந்த இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுக் காட்டினேன். “லென்ஸ் மாத்திட்டியா?”ன்னார்.

கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு

இங்கே செய்யறதுக்குக் கொஞ்சம்தான் இருக்கு. ரா ஃபார்மட்டில் எடுங்க. டார்க்டேபிள், ராதெரப்பி இரண்டுமே இலவசம்; லினக்ஸிலும் ஓடும். கலர் நாய்ஸை, அதாவது சிவப்பு-பச்சைப் புள்ளிகளை, தாராளமா நீக்கலாம். பறவைக்கு நஷ்டம் ரொம்பக் கம்மி. வெளிச்ச நாய்ஸில்தான் கை வைக்கும்போது யோசிக்கணும். மென்பொருளுக்குப் புள்ளி எது, நாய்ஸ் எதுன்னு தெரியாது. பின்னணியை மாஸ்க் போட்டு மழமழன்னு ஆக்குங்க, பறவையை விட்டுடுங்க. என் முதல் நாள் படத்துல நான் ஸ்லைடரைக் கடைசி வரைக்கும் தள்ளினேன். உள்ளான் களிமண் பொம்மை மாதிரி ஆச்சு. இப்ப வர்ற ஏஐ நாய்ஸ் நீக்கிகள் இன்னும் ஆபத்து. அழகான இறகை அதுவே வரைஞ்சு கொடுத்துடும். சுவத்துல மாட்டற படத்துக்குப் பரவாயில்ல. கணக்கெடுப்புக்கு அனுப்பற படத்துல அது வரைஞ்ச புள்ளியை வச்சு இனத்தை முடிவு பண்ணினா, நாம பதிவு செய்யறது பறவையை இல்ல.

100 சதவீதம் பெரிசாக்கிப் பார்த்துட்டு அழாதீங்க. 6000 பிக்சல் அகலப் படத்தை 1500 ஆக்கினா, 16 பிக்சல் சேர்ந்து ஒண்ணாகும். நாய்ஸ் நாலுல ஒரு பங்காகும். போன்ல பார்க்கிறவங்களுக்கு உங்க நாய்ஸ் தெரியவே தெரியாது. அசையாம தூங்கற புள்ளி ஆந்தை கிடைச்சா, நாலு படத்தை அடுக்கிச் சராசரி எடுங்க, நாய்ஸ் பாதியாகும். அதே வர்க்கமூலம்தான்.

நாய்ஸ் இல்லாத பிரச்சினை ஒண்ணு இருக்கு. அதையும் நாய்ஸ்னு நினைச்சு லென்ஸைத் திட்டறாங்க. கொள்ளிடம் மணலில் காலை 9:30 தாண்டினதும் கானல் கிளம்பிடும். வெயில் நல்லா இருக்கும், ஐஎஸ்ஓ 200 கூடப் போதும். ஆனாலும் படம் தண்ணிக்குள்ள பார்த்த மாதிரி நெளியும். சூடான காத்து ஒளியை வளைக்குது. அதுக்கு எந்த செட்டிங்கும் கிடையாது. வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுங்க.

இதே காரணத்தாலதான், கரைவெட்டிக்குப் போறவங்க பலபேர் ஏமாந்து திரும்பறாங்க. அரியலூர் மாவட்டத்தில் இருக்கற இந்தப் பறவைகள் சரணாலயம் 1999-ல் அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 450 ஹெக்டேர் ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் வழியா வர்ற தண்ணியும் அதுக்குப் போகுது. இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்து அங்கே வரும். ஆனா ஏரி நடுவுல, 250 மீட்டர் தள்ளி இறங்கும். கணக்குப் போடுங்க: 75 செ.மீ. நீள வாத்து, 300 மி.மீ. லென்ஸ். சென்சாரில் 0.9 மி.மீ.தான் விழும், 24 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 240 பிக்சல். நடுவுல கால் கிலோமீட்டர் காத்து. அங்கே தனி வாத்துக்கு முயற்சி பண்ணாம, கூட்டத்தை, ஏரியை, வானத்தை எடுங்க. இல்லன்னா டெலி லென்ஸைப் பையில வச்சுட்டு பைனாகுலரில் பாருங்க. நான் போனப்ப இரண்டு மணி நேரம் அதைத்தான் செஞ்சேன்.

உள்ளான் விஷயத்துக்கு வர்றேன். மறுநாள் படத்தை எதையும் மழுப்பாம அப்படியே அதே அண்ணனுக்கு அனுப்பினேன். நாய்ஸ் இருந்துச்சுதான். ஆனா புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் போனது தெரிஞ்சது. முதுகுப் புள்ளியை எண்ணவே முடிஞ்சது. “வுட். சந்தேகமில்ல”ன்னு பதில் வந்தது. அன்னைக்குப் பட்டியல்ல பேர் போட்டேன். முந்தின நாள் பதிவை மாத்தல; அதே பறவைதானான்னு யாருக்குத் தெரியும்?

கிரீன் சாண்ட்பைப்பர் எனக்கு இன்னும் கிடைக்கல. அது எழும்பிப் பறக்கும்போது இறக்கையோட அடிப்பக்கம் கருப்பா தெரியுமாம்; வுட்டுக்கு அது வெளிர் நிறம். அந்தப் படத்துக்கு 1/2000 வேணும், வெயில் ஏறியிருக்கணும், ஆனா கானல் கிளம்பியிருக்கக் கூடாது. ஏறக்குறைய 7:45-லிருந்து 9 மணி வரைக்கும்தான் நேரம். லென்ஸ் ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்கிட்ட இருக்கு. வர்றவங்க லால்குடி ஸ்டேஷன்ல 6 மணிக்கு நில்லுங்க, மஞ்சள் சட்டை போடாம.